வெர்னாவின் முகம்

சட்பரி என்கிற எங்கள் ஊரில் அந்தப் பனிக்காலம் முழுவதும் வெர்னா லாஹ்ட்டியின் முகம் அவளிடம் நிற்கவில்லை. மகன் ரெய்னோ ஏறிட்டுப் பார்த்தால் போதும், அவள் முகம் போய் வேறு எவளோ ஒருத்தியின் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீள மூக்கு, உதட்டில் அசைவே கிடையாது, மூக்குக்கண்ணாடி நிற்காமல் வழுக்கும். தெருவில் எல்லோரும் பார்த்தோம். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற கஸ், "வெர்னாம்மா இல்லீங்களா?" என்று அவளிடமே கேட்டார்.

ரெய்னோவுக்கு மனநோய் வந்து சில வருடம் ஆகியிருந்தது. மாத்திரையில் காதுக்குள் கேட்ட குரல்கள் அடங்கின, முகங்கள் அடங்கவில்லை. அந்த அந்நிய முகம் நீட்டும் தட்டில் விஷம் இருக்கிறது என்று சாப்பிட மாட்டான். எலும்பும் தோலுமாகிவிட்டான். தான் சமைத்ததை அவன் ஒரு வேளை சாப்பிட்டால் போதும் என்றிருந்தது வெர்னாவுக்கு.

ஆஸ்பத்திரியில் அவனை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவைத்து முகப் படங்களாகக் காட்டினார்கள். சும்மா இருக்கிற முகம்கூட இவன் மூளைக்குக் கோபமாகத் தெரிகிறது, முகங்களை அடையாளம் காணும் இடமும் மந்தம் என்றார் டாக்டர் ப்ரூயிட். பக்கத்திலிருந்த ரெய்னோ திரும்பியதும் வெர்னாவின் மூக்கு நீண்டதை அவரும் பார்த்தார். "ரொம்ப சுவாரஸ்யமா இருக்கும்மா," என்றார்.

"அத வெச்சு நான் என்னத்த சமைக்கிறது?" என்றாள் வெர்னா.

சிரித்த முகமாக இருந்து பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். சிரித்தாள். பல் மட்டும் அவளுடையதாக இருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை ஏலக்காய் ரொட்டி வெட்டி அவன் முன்னால் வைத்தாள்.

"யாரு நீங்க? எதுக்கு எம்மேல கோவம்?"

"கோவமே இல்லடா."

"முறைக்கிறீங்களே."

"இல்லன்னு சொல்றேன்ல!"

"பொய்."

வெர்னா மேசையில் ஓங்கி அறைந்தாள். "ஆமாடா, கோவந்தான்! ஆக்கி ஆக்கிக் குப்பையில கொட்டுறேன். உம்மேல கோவம், அந்த டாக்டர் மேல கோவம், எம் மூஞ்சி மேலயே கோவம்! தின்னு தொலைடா, தடிமாடு!"

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் மூக்கு சுருங்கி, சொந்த முகம் திரும்பிக் கண்ணாடி நின்றது. ரெய்னோ ரொட்டித் தட்டை இழுத்துக்கொண்டான். "அம்மா," என்றான், "வெண்ணெய் எங்க?"

அன்றிலிருந்து தினமும் அவள் திட்டியாக வேண்டும். பொய்க் கோபம் செல்லாது, உடனே மூக்கு நீண்டுவிடும். கோபத்துக்கு அந்த வீட்டில் என்ன பஞ்சம். ஆனால் பெற்ற பிள்ளையிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேச இன்றுவரை அவளுக்கு வழியில்லை, அதை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது. வருடங்கள் ஓடிவிட்டன. காலையில் அவள் கத்துவது தெருமுனை வரை கேட்கும். "பையன் சாப்பிடுறான்," என்று சொல்லிவிட்டுக் கஸ் வண்டியைக் கிளப்புவார்.