நாற்காலி மாறிய காரணம்

விமானப்படை மேசையிலிருந்த தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு கடற்படை மேசைக்குப் பாய்ந்தாள் மேஜர். சுவர்க் கடிகாரத்தில் பகல் பதினொன்று நாற்பது. தீவுகளுக்கு மருந்து கொண்டுபோன படகு மூழ்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேர். சொன்ன இடத்தில் இருபது நிமிடமாக வட்டமடித்த ஹெலிகாப்டரின் கண்ணில் பட்டதெல்லாம் வெறும் தண்ணீர்.

முப்படைகளின் கூட்டு நடவடிக்கைத் தலைமையகம். பெயர்தான் பெரிது, ஜன்னல் இல்லாத ஓர் அறை, மூன்று மேசை, நடுவில் ஒரு நாற்காலி. கப்பல் கடற்படையுடையது, ஹெலிகாப்டர் விமானப்படையுடையது, கரையில் காத்திருக்கும் ஆம்புலன்ஸ் தரைப்படையுடையது. மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுவது நடு நாற்காலியின் வேலை. காலையில் படகின் அபாயச் செய்தி வந்ததுமே கர்னல் அதிலிருந்து எழுந்து, "நீ உட்காரும்மா" என்று பதிவேட்டை நீட்டினார். நாற்காலி மாறினால் காரணம் எழுதியாக வேண்டும். மூன்று போன்களும் ஒன்றாய்க் கத்த, அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

இப்போது இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் பொறி தட்டியது. படகு நின்ற அட்சரேகையில், டிகிரிக்குப் பின்னால் கடற்படை கொடுத்தது நாற்பத்தைந்து நிமிடம். டிகிரிக்கு அறுபது நிமிடம், அதாவது முக்கால் டிகிரி. விமானப்படை கருவியில் அழுத்தியிருந்தது புள்ளி நான்கு ஐந்து டிகிரி. அவரவர் வழக்கப்படி அவரவர் சரி. நடுவில் முப்பத்துமூன்று கிலோமீட்டர் கடல்.

விமானப்படைக்காரருக்கு முகம் வெளுத்தது. "அங்க போனா கரைக்குத் திரும்ப எரிபொருள் பத்தாது மேடம். கப்பல்லதான் இறங்கணும். கப்பல் எட்டாத தூரத்துல இருக்கு."

கப்பல் இப்போதே திசை மாறி எதிரே வந்தால் நடுவழியில் சந்திக்கலாம். தவறினால் ஹெலிகாப்டரில் இருப்பவர்களும் கடலில். அவள் கர்னலைப் பார்த்தாள். சுவரோரம் நின்றிருந்தார்; கையிலிருந்த டீ ஆடை கட்டிப்போயிருந்தது.

"சார், நீங்க சொல்லுங்க."

"நாற்காலியில நான் இல்லம்மா. நீதான் இருக்கே."

அவளுக்குச் சுருக்கென்றது. நல்லபடி முடிந்தால் மாலை அவருக்கு, கவிழ்ந்தால் தலை நம்முடையது என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு போன்களையும் இரண்டு காதிலும் வைத்தாள். ஹெலிகாப்டரைத் திருப்பச் சொன்னாள். கப்பலை எதிரே விரட்டச் சொன்னாள்.

நாற்பத்தெட்டு நிமிடம். பிறகு கப்பலிலிருந்து செய்தி வந்தது: ஹெலிகாப்டர் தளத்தில் இறங்கிவிட்டது, படகிலிருந்த எல்லோரும் அதில்.

"எண்ணிட்டாங்களா?" என்றார் கர்னல்.

ஒன்பது.

அறை மொத்தமும் மூச்சு விட்டது. "இனிமே உங்க புள்ளியையும் எங்க நிமிஷத்தையும் மேடம்தான் கல்யாணம் பண்ணி வைக்கணும்" என்று கடற்படைக்காரர் சொல்ல, விமானப்படைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கர்னல் மட்டும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு மூடும்வரை அவர் தோள்கள் குலுங்குவது தெரிந்தது.

மாலையில் நாற்காலியை அடுத்தவரிடம் ஒப்படைக்கப் பதிவேட்டைத் திறந்தாள். காலைப் பக்கத்தில் கர்னலின் நிதானமான எழுத்து:

'படகில் இருக்கும் டாக்டர் என் மகள். இந்த முடிவுகளை நான் எடுக்கக் கூடாது.'

அதன் கீழே, அவசரத்தில் கோணலாக, அவளுடைய கையெழுத்து.