கம்பித் தரை

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மச்சினி ஃபோனில் சொல்லிவிட்டாள். எட்டு மாதமாக அவன் அவளிடம் வாய் கூசாமல் ஒரே பொய்யைச் சொல்லி வந்திருந்தான். "பஞ்சுவும் மிளகும் ஹாலில ஓடி விளையாடுதுங்க."

இரண்டும் கினிப் பன்றிகள், முயல்குட்டி அளவு. இறந்துபோன மனைவி வளர்த்தவை. அவள் இருந்தவரை ஹாலில் நாலடிக்கு ஆறடி இடம் அவற்றுடையது. கம்பிச் சட்டங்களை இணைத்து ஒரு வேலி, உள்ளே மெத்தென்ற துணி, ஒளிந்துகொள்ள இரண்டு அட்டைப்பெட்டிகள். அவன் கட்டட வரைபடம் போடுகிறவன். அந்தக் கினிப் பன்றி வீட்டுக்கும் வரைபடம் வேண்டும் என்று மனைவி அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். படுக்கையறை ஒன்று, படுக்கையறை இரண்டு என்று குறித்துக் கொடுத்திருந்தான்.

ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் போதும், இரண்டும் விசிலடிக்கும். அவள் வெள்ளரிக்காயோடு வருவாள் என்ற நினைப்பு. அவள் போன மறுவாரமும் அப்படியே விசிலடித்தன. அன்றே வேலியைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் செருகினான். இரண்டையும் ஒரு கம்பிக் கூண்டில் போட்டு, துணி துவைக்கிற இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினான். தரையும் கம்பி. புழுக்கை கீழே தட்டில் விழுந்துவிடும், சுத்தம் செய்கிற வேலை மிச்சம். வேளாவேளைக்குத் தீனி வைத்தான். முகத்தைப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை செல்லப்பிராணிக் கடைக்குப் போனான். ஏணி வைத்த இரண்டு மாடிக் கூண்டு ஒன்று, பார்த்தால் பங்களா போல இருந்தது. மச்சினியின் வாயை அடைக்க அது போதும்.

"யாருக்குப்பா?" என்றார் கடைக்கார அம்மா.

"நண்பன் ஒருத்தன் ரெண்டு கினிப் பன்றி வளர்க்கிறான்."

"அதுங்களுக்கு எதுக்கு மாடி? வாடகைக்கு விடப்போகுதுங்களா? தரையில ஓடுறதுங்க. நீள அகலம்தான் வேணும், உயரம் இல்ல. இப்ப எதுல வச்சிருக்காரு?"

"கூண்டுல. கீழயும் கம்பி."

அவர் சிரிப்பு நின்றது. "அதுங்க உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாரா?"

அவன் மாடிக் கூண்டின் ஏணியைத் தொட்டுப் பார்த்தான்.

"படிச்சவர்தானே உங்க நண்பர்? ஒரு நாள் முழுக்க வெறுங்காலோட சல்லடை மேல நிக்கச் சொல்லுங்க."

வெறுங்கையோடு திரும்பினான். மிளகைத் தூக்கிக் காலைத் திருப்பினான். உள்ளங்கால் சிவந்து வீங்கியிருந்தது. பஞ்சுவுக்கும் அப்படித்தான். முன்பின் தெரியாதவர்களின் சமையலறைக்கு எந்தப் பக்கம் காற்று வரும் என்று பார்த்துப் பார்த்து வரைகிறவன் அவன். அன்று மாலையே இரண்டையும் மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்கினான். வந்ததும் பழைய வேலியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டான்.

மறுநாள் மச்சினி வந்து பார்த்தவுடன் முகம் மலர்ந்தாள். அவள் கையில் மூடியில் ஓட்டை போட்ட ஒரு பெட்டி.

"அட மாமா! அக்கா வச்ச மாதிரியே வச்சிருக்கீங்களே! சரியா கவனிக்க மாட்டீங்க, தூக்கிட்டுப் போயிடலாம்னு பெட்டியோட வந்தேன். அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மனைவியின் துணிமணியெல்லாம் எப்போதோ அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. வீட்டில் அவளுடையதாக மிச்சம் இந்த இரண்டு உயிர்தான்.

குனிந்து மிளகைத் தூக்கி, காலைத் திருப்பிக் காட்டினான்.

"நேத்துதான் வேலி போட்டேன்."

அவள் அந்தக் காலையே பார்த்தாள். "அப்போ எங்கிட்ட வாராவாரம் சொன்னது?"

"பொய்."

"ஏன் மாமா?"

"ஃபிரிட்ஜைத் திறந்தா கத்துதுங்க. அவ வர்றான்னு."

திட்டுவாள் என்று நின்றான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பெட்டியைத் திறந்து துணி விரிக்க ஆரம்பித்தாள்.

"உன் ஹாலில நாலுக்கு ஆறு இடம் இருக்கா?" என்று கேட்டான்.

"சோபாவை நகர்த்திடுவேன்."

"வெயில் நேரா படாத பக்கமா போடு." இரண்டையும் பெட்டிக்குள் விட்டு, வேலியைக் கழற்றிச் சட்டங்களைக் கட்டினான். மருந்தையும் அந்த வரைபடத்தையும் மேலே வைத்தான்.

வழிக்கு வெள்ளரிக்காய் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். பெட்டிக்குள்ளிருந்து இரண்டும் விசிலடித்தன.

"உங்களைத்தான் கூப்பிடுதுங்க மாமா," என்றாள் அவள்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், திறந்த ஃபிரிட்ஜுக்குள்ளேயே குனிந்து நின்றான்.