பெட்டிக்காரரின் கடைசிச் சுற்று

பெட்டிக்காரர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பென்டிரைவுக்காகக் கையை நீட்டினார். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பதினேழு கிளைகளுக்கும் கணினி பார்ப்பவர் அவர். அங்கே அறிக்கை அச்சிடும் ஜாவா நிரலை எழுதியவள் நான். ஒவ்வொரு முறை நான் திருத்தும்போதும் அவர்தான் புதுப் பதிப்பைக் கிளை கிளையாகக் கொண்டுபோய் ஏற்றி, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். இனி நிரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

“அப்ப இதான் கடைசிச் சுத்தா?”

“ஆமாண்ணே. இதுக்கப்புறம் நீங்க படியேற வேணாம்.”

“நல்லா இரும்மா. அந்த மூணாவது மாடி இருக்கே, முட்டி கழண்டுரும்.”

அந்த மூன்றாவது மாடிக் கிளையில்தான் என் அக்கா பதினொரு வருடம் வேலை பார்த்தாள். நிரலின் 2.3 பதிப்பில் ஒரு பிழை இருந்தது. கைக்குழந்தையின் வயதை மாதக் கணக்கில் அடித்தால் எட்டு மாதத்தை எட்டு வருடமாக எடுத்துக்கொண்டு, பெரிய பிள்ளைக்கான அளவோடு ஒப்பிட்டுவிடும். 2.4 என்ற பதிப்பில் அதைச் சரிசெய்து கொடுத்தேன். மூன்றாம் தேதிக்குள் எல்லாக் கிளைகளிலும் ஏற்றியாயிற்று என்றது பதிவேடு. அதே மாதம் இருபதாம் தேதி, எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு அக்காவின் கிளை ‘இயல்பு’ என்று அறிக்கை கொடுத்தது. குழந்தை ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தது. நிரல் சரியாக இருக்கிறதென்றால் அடித்தவள்தான் மாற்றி அடித்திருக்கவேண்டும் என்று முதலாளி அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். வேறெந்தப் பரிசோதனை நிலையமும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

“மாசம்னுதான்டி போட்டேன்” என்றாள் என்னிடம். “நான்தான் சரி பண்ணிட்டேனேக்கா, நீ அவசரத்துல...” என்றேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பிறகொரு நாள் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பதினேழு கையெழுத்தும் ஒரே மையில், ஒரே மூச்சில் போட்டவை. அக்காவின் கணினியைச் சோதிக்கலாம் என்றபோது, முடிந்த கதையைக் கிளறாதீர்கள் என்றார் முதலாளி. அவரேதான் நான்கு மாதம் கழித்துத் தானியங்கிப் புதுப்பிப்பு வேண்டும் என்று கேட்டார்.

பெட்டிக்காரருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் எதையும் கொடுக்க எனக்கு வராது.

“ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம் தன்னைத் தானே மாத்திக்க முடியாதுண்ணே. உடுத்தியிருக்கிற சட்டையைத் துவைக்க முடியுமா? அதான் முன்னாடி ஒரு குட்டி புரோகிராம். அது முதல்ல எந்திரிச்சு, புதுசு வந்திருக்கான்னு நம்ம சர்வரைக் கேட்கும். இருந்தா இறக்கி, அது நான் அனுப்பினதுதானான்னு பார்த்து, பழசை எடுத்துட்டுப் புதுசை வைக்கும். அப்புறம்தான் திறக்கும். முதல் தடவை மட்டும் இன்னொரு வேலை. புரோகிராம் திறக்கிறப்பல்லாம் தேதியையும் பதிப்பு எண்ணையும் ஒரு வரியா எழுதி வைக்குதுல்ல, அந்தப் பழைய வரியெல்லாம் எனக்கு அனுப்பிடும். எங்க எந்தப் பதிப்பு என்னிக்கு ஓடுச்சுன்னு...”

“எம்மா, பாடம் எடுக்காத. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். அதானே?”

“அதேதான்.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர் சொந்தக் காலில் படியேறிப் போய் வைத்துக்கொள்ளப் போகிறார். அவர் போனபின் வெகுநேரம் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

இரண்டு நாளில் பதினான்கு கிளைகளின் பழைய வரிகள் எனக்கு வந்து சேர்ந்தன. பதினான்கிலும் மூன்றாம் தேதிக்குள் 2.4. மனிதர் ஒழுங்காக ஏற்றியிருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் நேர்மையானவராக இருந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

மூன்றாம் நாள் மதியம், நான் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தபோது அழைத்தார். மூச்சிரைத்தது. அக்கா என் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“மூணாவது மாடிக்கு வந்துட்டேம்மா. நெக்ஸ்ட் அமுக்கிட்டேன். பச்சைக் கோடு ஒண்ணு மெதுவா ஓடுது. ‘பழைய பதிவுகள் அனுப்பப்படுகின்றன’ன்னு போட்டிருக்கு. எதை அனுப்புது?”

“அன்னிக்கே சொன்னேனேண்ணே.”

மறுபடியும் விளக்கினேன், ஒரு சொல் விடாமல், பொறுமையாக. இந்த முறை அவர் குறுக்கிடவில்லை. இரைப்புகூட அடங்கிவிட்டது.

“இதை நிறுத்துற பட்டன் எங்கம்மா இருக்கு?”

“அப்படி ஒண்ணு நான் வைக்கலைண்ணே.”

அந்தக் கிளையின் இணையம் மந்தம். வரிகள் ஒவ்வொன்றாகத்தான் விழுந்தன. மூன்றாம் தேதி, 2.3. நான்கு, 2.3. மடித்த துணியைத் தோளில் போட்டபடி அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். கையை நீட்டித் திரையில் விரலை வைத்தாள். வரி விழ விழ அந்த விரல் கூடவே இறங்கியது. பதினாறு. பதினேழு. போனில் கருவிப்பெட்டியைத் திறந்து எதையோ தேடும் சத்தம். பதினெட்டு, 2.3. இருபதுக்கு இன்னும் இரண்டு நாள்.