பிறைக்கு ஒரு சாட்சி

பிறை பார்க்கப் போய், பெருநாளைப் பொலிஸ் ஸ்டேஷனில் வரவேற்றவன் மெல்பேர்னில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

நோபல் பார்க் மைதான மேட்டில் ஒரு காலத்தில் இருபது பேர் நிற்போம். பிறை எங்கே என்று பிள்ளைகளுக்குக் காட்டவே பச்சை லேசர் ஒன்று வாங்கினேன். பிறகு பள்ளிவாசலில் பெருநாள் தேதியைக் கணக்குப் போட்டு மாதங்களுக்கு முன்னரே போனில் அனுப்பத் தொடங்கினார்கள். ஆட்கள் குறைந்தார்கள். கடைசி மூன்று வருடமும் நான் மட்டும்தான்.

அன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு மேற்கே பிறை தெரிந்தது. கை தானாக லேசரை நீட்டியது. அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்த பயிற்சி விமானத்தை நான் கவனிக்கவில்லை. விமானிக்குக் கண் கூசிவிட்டது. நல்ல வேளை, பத்திரமாக இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பொலிஸ் வந்து நின்றது.

விமானத்துக்கு இடைஞ்சல் செய்தால் மாநிலச் சட்டப்படி சிறைக்கே போகலாம் என்றாள் என் வக்கீல் வினுஷா. எனக்குச் சிறையைவிட விசாதான் பயம். இலங்கையில், கல்முனையில் என் மனைவி ஜெஸீமா நாலு வருடமாகக் காத்திருக்கிறாள். அவளை இங்கே கூப்பிட மனுப் போட்டவன் நான். என் பெயரில் குற்றம் பதிவானால் அதுவும் சிக்கிக்கொள்ளும்.

"பிறையைத்தான் காட்டினீங்கள் எண்டா, ஆருக்குக் காட்டினீங்கள் அங்கிள்? அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். தனியாக நின்றவன் வேண்டுமென்றே விமானத்துக்கு லேசர் அடித்தான் என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லுமாம்.

என்னோடு வேலை செய்யும் நஸ்மி, தான் பக்கத்தில் நின்றதாகச் சொல்லத் தயார் என்றான். நல்ல மனுஷன், பிறை பார்க்க வருடா வருடம் கூப்பிட்டும் வராதவன். ஒரு வாரம் தூக்கமில்லை. ஜெஸீமாவுக்காகச் சம்மதிக்கலாம் போலத்தான் இருந்தது. ஆனால் பிறைக்குச் சாட்சி சொல்பவன் பொய்யனாக இருக்கக் கூடாது என்று ஓதிப் படித்தவன் நான். வேண்டாமென்றுவிட்டேன்.

கோர்ட்டில் நீதவான் அதையேதான் கேட்டார், யாருக்குக் காட்டினாய் என்று. மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினேன்.

"ஒருத்தருக்கும் இல்ல. முந்தி ஆக்கள் வருவாங்க, அந்தப் பழக்கத்தில கை நீண்டுட்டுது. பிறையக் கண்டா ஆருக்காவது காட்டத்தானே வேணும்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். குற்றத்தைப் பதியத் தேவையில்லை, ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் போதும் என்றார்.

வெளியே வந்ததும் வினுஷா சிரித்தாள். "சாட்சியே தேவைப்படேல்ல அங்கிள். உங்களைப் பாத்த உடனேயே நம்பிட்டினம்."

ஜெஸீமாவின் விசாவுக்கு இனிப் பயமில்லை. சந்தோஷம்தான். ஆனாலும் கோர்ட் படியில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு இங்கே யாருமில்லை என்பது, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் ஒரே பார்வையில் தெரிந்திருக்கிறது.