வலது கைக்குக் கொடுத்த வேலை

பக்கவாதம் வந்து நல்லமுத்துவின் வலது கை தொங்கிப்போனபோது, கெலுகோர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐயோ பாவம் சொல்லாத ஆள் இல்லை. மனைவி புஷ்பவள்ளி மட்டும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் அவளை அறைந்த கை அது. ஒருநாள் "சீனி பத்தல" என்று சொல்லிக் கொதிக்கும் தேநீரை அவள்மேல் விட்டெறிந்ததும் அதே கைதான். அவள் முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் பளபளக்கிறது.

அப்படிப்பட்டவள் பிறை என்ற ஊரில் தன் தொழிற்சாலை வேலையை மாலை ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டு, காலையில் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு அலைந்தது மகள் துளசிக்குப் பிடிபடவில்லை. அங்கே அவர் தலையோரம் ஒரு காந்தச் சுருளை வைப்பார்கள். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. டக் டக்கென்று இருபது நிமிஷம் தட்டும், அவ்வளவுதான். மூளையில் கையை ஆட்டுவிக்கும் இடத்தை அது தட்டி எழுப்பும் என்றும், எழுப்பிவிட்ட கைக்கு உடனே வேலை கொடுத்துப் பழக்கினால்தான் பலன் என்றும் சிகிச்சை தந்த ருக்கையா சொல்லியிருந்தாள்.

"அந்தக் கை எழுந்து வந்தா மறுபடியும் உங்களத்தாம்மா அடிக்கும். அப்படியே விட்டுடுங்க லா," என்றாள் துளசி.

"செத்த கைய என்னடி பண்ண முடியும்? அது பாட்டுக்குச் சொகமா மடியில கெடக்கும். எனக்கு அது உசுரோட வேணும்."

வீட்டில் பழக ஏதாவது ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் அண்ணன் இந்தக் கையால் அதிகம் என்ன செய்வார் என்று ருக்கையா கேட்டாள். நல்லமுத்து தரையைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட புஷ்பவள்ளிக்கு நாக்கு துறுதுறுத்தது.

"எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பாரு," என்றாள்.

அடுப்படியை எட்டிக்கூடப் பார்த்திராத மனிதர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ருக்கையா மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டாள்: முதலில் பச்சைத் தண்ணீரில், காலை இருபது தடவை, மத்தியானம் இருபது தடவை.

புஷ்பவள்ளி ஒரு தடவைகூடக் குறைய விடவில்லை. இடது கை ஒத்தாசைக்கு வராதபடி ருக்கையா கொடுத்த தடித்த உறையை அதற்கு மாட்டிவிட்டாள். முதல் வாரம் வலது விரல்கள் கரண்டியைப் பிடிக்கவே இல்லை. அவர் வியர்த்தார், திட்டினார், கடைசியில் அழுதார். அவர் அழுதபோது அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆவி பறக்கும் தேநீர்க் கிளாஸ் ஒன்று அந்த வலது கையில் ஏறி, நடுங்கிக்கொண்டே மேசை வரை வந்தது. அவள் முன்னால் வந்ததும் நின்றது. அவர் கண்ணில் பழைய வெறி எட்டிப் பார்த்தது. கிளாஸ் லேசாகச் சாய்ந்தது. துளசி பதறி எழுந்துவிட்டாள். புஷ்பவள்ளி அசையவில்லை; தழும்பு தெரிய கையை நீட்டி மேசைமேல் வைத்தாள்.

அவர் அந்தத் தழும்பையே பார்த்தார். கிளாஸ் மேசையில் இறங்கியது.

அவள் ஒரு மடக்கு குடித்தாள். சீனி அளவாகத்தான் இருந்தது. எழுந்துபோய் மீதியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தாள்.

"சீனி பத்தல," என்றாள். "வேற கலக்குங்க."

வலது கை மெதுவாகச் சீனி டப்பாவை நோக்கிப் போனது.