சட்டைக் கைக்கு ப்ரஷர் கிடையாது

திரைத்துணிக் கடையின் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்குக் கடைத்தெருவில் ‘கறார்’ என்று பெயர். விலையில் இறங்காதவள் என்று அர்த்தமில்லை, நன்றாகவே இறங்குவாள். ஆனால் எந்த இடத்தில் நிற்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் ஏற்றிச் சொல்லியிருப்பாள். அவளை மடக்கிவிட்டதாக மார் தட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் புத்தி வரும்.

அன்றைக்கு ஓட்டல்காரர் ஒருவர் மாட்டியிருந்தார். எல்லா அறைகளின் ஜன்னல்களுக்கும் திரை வேண்டும். கறார் தன் முக்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, துணியைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி, அப்பா விட்டுப்போன கடையில் கூட்டாளி, உள்ளே சரக்கறையைப் பார்த்துக்கொள்பவன், புதிதாக வாங்கிய ப்ரஷர் மெஷினோடு வந்தான். அக்காவுக்கு அடிக்கடி தலை கனக்கிறது என்று அவனுக்கு நிஜமாகவே கவலை. முன் சீட்டின் மேல் அவனுக்கு ஒரு கண் இருந்ததும் நிஜம். இரண்டும் ஒரே மனசில் சண்டையில்லாமல் குடியிருந்தன.

தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய இடது கையில், கம்பளிச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினான். அவள் பேச்சை நிறுத்தவில்லை. மெஷின் இறுக்கியபோது ஓட்டல்காரரை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

“நூத்தி எழுபத்தஞ்சு,” என்றான் தம்பி, கடை முழுக்கக் கேட்கும்படி.

ஓட்டல்காரர் பழம் தின்று கொட்டை போட்டவர். அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது தொந்தரவு செய்ய மனசு வரவில்லை என்று உச்சுக்கொட்டிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார். தம்பியும் அக்காவுக்குப் படபடப்பு கூடாதென்று அவர் கேட்ட விலைக்கே தலையாட்டிவிட்டான். மூட்டை கட்டி அனுப்பிவிட்டு வந்து சொன்னான்: “இனிமே நீ வீட்டுல ரெஸ்ட் எடு அக்கா. முன் சீட்டை நான் பாத்துக்கறேன்.”

கறார் முக்காலியிலிருந்து எழுந்தாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

முதலில் சொல்வதை விலை என்று அவள் என்றைக்கும் எடுத்துக்கொண்டதில்லை. மெஷினிடம் மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? அமுக்கினாள். எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி அமுக்கினாள். அது இறங்கியது, நடுவில் ஒருமுறை ஏறியது, ஏறியதைக் காதில் வாங்காதவள்போல் திரும்பவும் அமுக்கினாள். கை சிவந்து போன பிறகு நூற்று முப்பத்தொன்றில் வந்து நின்றது. “படிஞ்சிடுச்சு,” என்று வெளியே வந்தாள்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. மெஷினையே மிரட்டி வாங்கியிருக்கிறாள் என்றான். அவன் எழுபத்தைந்தில் நின்றான், அவள் முப்பத்தொன்றில் நின்றாள். கடைசியில் டாக்டரம்மா என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு, சீட்டும் அதைப் பொறுத்துத்தான் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா இரண்டு எண்களையும் குப்பைக்குத் தள்ளினார். எங்கே, எப்படிப் பார்த்தீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். கறார் கால்மேல் கால் போட்டாள், பேசிக்கொண்டே கையை நீட்டினாள். தம்பி சட்டைக்கு மேல் சுற்றினான். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பட்டை வெறும் கையில் சுற்ற வேண்டும். முதுகு சாய நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கை நெஞ்சு உயரத்துக்கு எதன்மேலாவது படுத்திருக்க வேண்டும். காபி குடித்த சூட்டோடு பார்க்கக் கூடாது, ஒன்றுக்கு வந்தால் போய்விட்டு வந்து உட்கார வேண்டும். ஐந்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டே தடவை. காலையும் மாலையும், ஒரு வாரம். எல்லாவற்றையும் எழுதிச் சராசரி பார்க்க வேண்டும்.

“முக்கியமா ஒண்ணும்மா. ஆரம்பத்துலேருந்து முடியற வரைக்கும் பேசக் கூடாது.”

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. கறாரின் கழுத்தில் எப்போதும் கிடக்கும் அளவு நாடாவைக் கேட்டு வாங்கி, டாக்டரம்மா அவள் மேல்கையின் சுற்றளவை எடுத்தார். பட்டையில் அச்சடித்திருந்த அளவுக்குள் அது வரவே இல்லை. சின்னப் பட்டை பெரிய கையில் எண்ணை ஏற்றித்தான் காட்டும் என்றார்.

“கடையில போட்டுப் பாத்துத்தானே வாங்கினேன்,” என்றான் தம்பி.

“யார் கையில?” என்றாள் கறார்.

அவன் தன் குச்சிக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

பெரிய பட்டை வந்தது. சரக்கறையில் சாய்வு நாற்காலி போட்டாள். மேஜை தாழ்வாக இருந்ததால் மடித்த திரைத்துணியை வைத்து உயரம் கூட்டி, அதன்மேல் கையைக் கிடத்தினாள். வாரம் சுமுகமாகத்தான் போனது, கடைசி மாலை வரைக்கும்.

அன்று அவள் வாயை மூடி உட்கார்ந்த நேரம் பார்த்து ஓட்டல்காரர் திரும்ப வந்தார். இந்த முறை மேஜை விரிப்பு. கதவிடுக்கு வழியே எல்லாம் கேட்டது. அவர் ஒரு விலை கேட்டார், தம்பி இருமினான். அந்த இருமல் போதும், ஆள் இறங்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கனைப்பு, ஒரே ஒரு ‘டேய்’ காப்பாற்றியிருக்கும். நாக்கு நுனியில் வந்து நின்றது. இப்போது பேசினால் எண் கெடும். எண் கெட்டால் சீட்டு போகும். பல்லைக் கடித்தால்கூடக் கணக்கில் வருமோ என்று தாடையைத் தளர்த்திக்கொண்டாள். மெஷின் இறுக்கியது, விட்டது. இடைவெளி நிமிஷத்தில் தம்பி இன்னொரு படி இறங்கினான். மெஷின் மறுபடி இறுக்கியது.

இரண்டு எண்களும் அந்த வாரத்திலேயே அதிகம். எழுதாமல் விட்டால் கேட்க ஆளில்லை. இன்னொரு முறை அமுக்கினால் இறங்கியும் இருக்கும். கறார் மெஷினை முறைத்தாள். நீ சொன்னதை எழுதுகிறேன், ஆனால் உன்னைப் பார்த்துப் பயந்து சீட்டை விட்டு எழுந்து போகமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லி, இரண்டையும் எழுதினாள்.

சராசரி நூற்று முப்பத்தெட்டில் நின்றது. கொஞ்சம் அதிகம்தான் என்றார் டாக்டரம்மா. காலையில் ஒரு சின்ன மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும், வேலையை விட வேண்டியதில்லை. தம்பி வாசலில் இறங்கும்போது, எப்படியும் ப்ரஷர் இருக்கத்தானே செய்கிறது என்று மெல்ல ஆரம்பித்தான்.

“இருக்கு, நான் இல்லேன்னு சொன்னேனா? டாக்டர் மாத்திரையைத்தான் எழுதினாங்க. சீட்டை உன் பேருக்கு எழுதல.”

அடுத்த வாரமே ஓட்டல்காரர் வந்தார். மலிவாகக் கிடைத்த ருசி அப்படி. முன் சீட்டில் கறாரைக் கண்டதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பேரம் சூடு பிடித்து, அவள் குரல் உயர்ந்ததும், தம்பி பழக்கதோஷத்தில் மெஷினோடு வந்து கம்பளிக் கையைத் தொட்டான். ஓட்டல்காரர் உச்சுக்கொட்டத் தயாரானார்.

கறார் தம்பியின் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

“சட்டைக் கைக்கு விலை உண்டுடா, ப்ரஷர் கிடையாது. சாயங்காலம் வாயை மூடிக்கிட்டு நானே பாத்துக்கறேன். இப்ப கடை திறந்திருக்கு.”

பிறகு கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஓட்டல்காரர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்க. போன ரெண்டு தடவைக்கும் சேத்துப் பேசுவோம்.”