அறிவு வேஷம் கட்டியவர்

1

இந்தக் கதை எனக்கு மேடைக்குப் பின்னால் கிடைத்தது. கொள்ளைநோய் ஓய்ந்து, லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே நாடகக் கொட்டகைகள் மறுபடி திறந்திருந்தன. நான் எழுதிய நகைச்சுவை நாடகம் நடந்துகொண்டிருந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மனித மனம் ஒரு வீடு. அறிவு அதன் எஜமான். ஆசை வேலைக்காரன். ஆகவே...'

அடித்துவிட்டேன். அது என் நாடகத்தின் வசனம். அந்த வசனம் தடுமாறிய இடத்தில்தான் கதை தொடங்குகிறது.

2

அறிவாக நடித்தவர் ஆம்ப்ரோஸ் பெல்லோ, எங்கள் குழுவின் மூத்த நடிகர். ('தளர்ந்த கிழவர்' என்று எழுதிப் பார்த்தேன். பொய். மேடையில் நாற்காலியைத் தாண்டிக் குதிப்பார்.) சில காலமாக அவருக்கு வசனம் மறந்துபோகிறது. இது அவர் மனைவி தாமசினுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஆசையாக நடித்த கோமாளி ஜைல்ஸ் கேட்டான்: "எஜமான், வீட்டுச் சாவி எங்க?"

ஆம்ப்ரோஸுக்கு அடுத்த வசனம் வரவில்லை. அப்படியே நின்றார். கூட்டத்தில் கொட்டை கடிக்கும் சத்தம்கூட அடங்கியது.

"யோவ் அறிவு, தூங்கிட்டியா?" என்று மேடைக்குக் கீழே நின்று பார்த்தவர்களில் ஒருவன் கத்தினான்.

ஆம்ப்ரோஸ் அவன் பக்கம் திரும்பினார். "நான் எஜமான்னு யாருய்யா சொன்னது? நான் இங்க வாடகைக்கு இருக்கேன். வீட்டுக்காரன் எப்ப வேணா காலி பண்ணுன்னுவான். அதுவரைக்கும் இந்தப் பயலோட ஒரே அடுப்புல பொங்கித் திங்கறேன்."

சிரிப்பில் பார்வையாளர் மாடங்கள் அதிர்ந்தன. (சிரிப்பு ஆற்றைத் தாண்டி... வேண்டாம், மிகை.) எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாடகம் எழுதுகிற நாங்கள் அறிவைக் குதிரைக்காரன் என்றோம், அரசன் என்றோம். குடித்தனக்காரன் என்று எங்களில் எவனுக்கும் தோன்றவில்லையே.

3

காட்சி முடிந்து ஆம்ப்ரோஸ் வியர்வையோடு உள்ளே வந்து என்னைக் கேட்டார்:

"தம்பி, நீ எழுதினபடியே சொல்லிட்டேன்ல?"

"ஒரு எழுத்து மாறல அண்ணே," என்று ஜைல்ஸ் முந்திக்கொண்டான்.

மாடத்திலிருந்து ஓடிவந்த தாமசின் என் கையைப் பிடித்து ஒதுக்கி, காதோடு சொன்னாள்: "உள்ளதச் சொல்லிடுங்க. பொய் சொல்லி மறுபடி மேடை ஏத்திவிட்டா, ஊர் பார்க்க விழுந்துடுவாரு."

ஒரு முடிவு எழுதினேன்: 'அது உங்கள் வசனம் அண்ணே' என்கிறேன். பூரித்துப்போகிறார். பிறகு, அப்படியானால் என் வசனம் எங்கே போனது என்று யோசிக்கத் தொடங்குகிறார். அதன்பின் மேடை ஏறவேயில்லை.

இன்னொன்று: 'ஆமாம்' என்கிறேன். அவர் சொன்னதையே நாடகத்தில் எழுதிச் சேர்க்கிறேன். நாளை அதை அவர் மனப்பாடமாகச் சொல்லியாக வேண்டும்.

இரண்டையும் கிழித்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் ஆம்ப்ரோஸ் இன்னும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த காட்சிக்கு அவரைக் கூப்பிடுகிறார்கள். நான் விலகிக்கொள்கிறேன். என் இடத்தில் வந்து நின்று, அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.